ஏதென்ஸ் போகிறவருக்கு ஏழு குறிப்புகள்

ரங்கூன், மொகல் தெரு,
3 பிப்ரவரி 1923

அன்புள்ள தம்பி இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உன் லாத்தா நூருன்னிசாவும் நலமே. எனக்கு வழக்கமான இரைப்பு உண்டு. அது புதிய செய்தியல்ல. த்வாண்டே மில்லுக்கு நெல் வாங்கிச் சேர்க்கிற வேலையில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் லாத்தா கேட்கிறாள். அக்காள் கவலை அவளுக்கு.

நம் முதலாளி அப்துல் சமது மரைக்காயர் அரிசி மாதிரிகளைக் கொடுத்து உன்னை ஏதென்ஸ் நகரத்துக்கு அனுப்புகிறார் என்று அறிந்து சந்தோஷப்பட்டேன். போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதச் சொல்லியிருந்தாய். கீழ்க்கண்ட வரிசையில் எழுதுகிறேன்.

1. கப்பலும் துறைமுகமும்
2. துறைமுகத்திலிருந்து நகரத்துக்குப் போகும் வழி
3. தங்குமிடம், குடிதண்ணீர்
4. உடை
5. சாப்பாடு
6. மலைக்கோட்டையைப் பார்க்கும் முறை
7. என் சொந்த வேண்டுகோள்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அந்த ஊரைப் பார்த்தவன் அல்ல. திருச்சியில் பி.ஏ. வகுப்பில் கிரேக்க சரித்திரம் படித்தேன். பிறகு இந்த ரங்கூனில் பழைய புத்தகக் கடையில் ஏதென்ஸ் வழிகாட்டி ஒன்று வாங்கினேன். அது 1864-இல் அச்சானது. ஆகவே எங்கேனும் பிசகு இருக்கலாம்.

ஒன்று: போர்ட் செய்தில் கப்பல் மாறவேண்டும். இறங்கும் துறைமுகத்தின் பெயர் பைரேயஸ். இரண்டு: அங்கிருந்து நகரம் ஐந்து மைல். குதிரை வண்டி பிடி, ஏறுமுன் பேசிக்கொள். மூன்று: அரண்மனைச் சதுக்கத்தை ஒட்டி விடுதிகள் உண்டு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. நான்கு: நம் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பியையே அணிந்துகொள். அவ்வூர்ப் பெரியவர்களும் சிவப்புத் தொப்பி அணிகிறவர்கள், மரியாதை கிடைக்கும். ஐந்து: இறைச்சியை விட்டுவிடு. ரொட்டி, பாலாடைக்கட்டி, மீன் போதும்.

ஆறுதான் முக்கியம். மலைக்கோட்டையில் பார்த்தெனான் என்ற பளிங்குக் கோவிலை மேற்கு வாசலில் தொடங்கி வலம் வா. கிழக்கு முகப்பை முதலில் பார்த்தால் பிற்பாடு பார்ப்பதெல்லாம் சப்பென்று ஆகிவிடும். ஏழாவது: வெளிச்சுற்றுத் தூண்களை நீயே எண்ணி எனக்கு எழுது. புத்தகம் நாற்பத்தாறு என்கிறது. கண்ணால் பார்த்தவர் வாயால் கேட்கவேண்டும் என்று ஓர் ஆசை.

உன் மச்சான்,
அப்துல் பாரி

•

த்வாண்டே,
9 பிப்ரவரி 1923

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, சலாம். உங்கள் இரைப்புக்கு அல்லாஹ் சுகம் தரட்டும். எனக்கு நெல் தூசியில் தும்மல் தவிர வேறு குறை இல்லை.

உங்கள் குறிப்புகளை மில்லில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். நம் கணக்கப்பிள்ளை கண்ணை விரித்தபடியே, "உன் மச்சான் அந்த ஊருல எத்தினி வருசம் இருந்தாரு?" என்றார். "ஒரு நாளும் இல்லை" என்றேன். "அப்ப நீ போறது வீண். அவரு எழுதினதே போதும்" என்றார்!

ஒரு விஷயம் கேட்கவேண்டும். மில் இஞ்சினியர் துரை என்னைப் பார்த்து, "அங்கே இந்தச் சிவப்புத் தொப்பி வேண்டாம், எங்களைப்போல ஹாட் வாங்கிக்கொள்" என்றார். காரணம் கேட்டேன். கொஞ்சம் குடித்திருந்தார், சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஹாட் வாங்கலாமா என்று இருந்தேன். படித்த மச்சான் சொல்லியிருக்கும்போது துரை பேச்சு எதற்கு என்று புதுத் துருக்கித் தொப்பியே செய்யச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னதில் ஏதும் காரணம் உண்டானால் எழுதுங்கள்.

இருபத்தாறாம் தேதி கப்பல். லாத்தாவின் இறால் கருவாட்டை மறக்கவேண்டாம் என்று நினைவூட்டுங்கள்.

தங்கள்,
இனாயத்துல்லா

•

ரங்கூன்,
6 மார்ச் 1923

அன்புள்ள தம்பிக்கு, சலாம். நாங்கள் நலம். நீ கடலில் இருப்பாய். கப்பல் காற்று ஒத்துக்கொண்டதா?

துறையில் உன்னை வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்து அசந்துபோனேன். மலபார்க்காரன், சீனத் தச்சன், த்வாண்டே பானைக்காரப் பர்மியக் கிழவி என்று ஒரு கூட்டம். அந்தக் கிழவி உன் தலையைத் தடவி ஏதோ சொல்லி அழுதாள். நான் முப்பது வருஷம் முதலாளியின் ஆபீசில் கடிதக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நாளில் பியூன் மட்டும் வாசல்வரை வந்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒரு வார்த்தை பேச நினைத்தேன். சங்கு ஊதிவிட்டது. பெரிய விஷயமில்லை. துருக்கியிலிருந்து நிறையப் பேர் வீடு வாசல் இழந்து அந்த ஊருக்கு வந்திருப்பதாகப் பத்திரிகையில் எழுதுகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் எதையும் கூட்டித்தான் எழுதுவார்கள். தொப்பி கனமாக இருந்தால் பெட்டியில் வைத்துவிடலாம். இது என் நான்காவது குறிப்புக்குத் திருத்தம் அல்ல. உன் சௌகரியத்துக்காகச் சொல்கிறேன்.

இக்கடிதம் பைரேயஸ் ஏஜெண்டு விலாசத்துக்கு வருகிறது. உனக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்று கணக்குப் பார்த்தேன்.

அப்துல் பாரி

•

போர்ட் செய்து,
19 மார்ச் 1923

மச்சான் அவர்களுக்கும் லாத்தாவுக்கும் சலாம். கப்பலில் இரண்டு நாள் வாந்தி. பிறகு சமையற்காரனோடு சிநேகமாகி நன்றாகத் தின்றேன்.

உங்கள் நான்காவது குறிப்பின் பெருமையை என்னவென்று சொல்ல! இங்கே கரையில் இறங்கியதும் என் தொப்பியைப் பார்த்து எத்தனை பேர் சலாம் சொன்னார்கள் தெரியுமா? ஒரு காப்பிக்கடைக்காரர் உட்காரவைத்து உபசாரம் செய்தார். துரை பேச்சைக் கேட்டு ஹாட் வாங்கியிருந்தால் நாய்கூட என்னைத் திரும்பிப் பார்த்திருக்காது. இனி இதைத் தூங்கும்போதுதான் கழற்றுவேன்.

நாளை ஏதென்ஸ் கப்பல். பேனா கப்பலாட்டத்தில் உடைந்தது. ஏஜெண்டிடம் இரவல் வாங்கி எழுதுவதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

இனாயத்துல்லா

•

ரங்கூன்,
12 ஏப்ரல் 1923

அன்புள்ள தம்பிக்கு, சலாம். நோன்பு பிறக்க நாலைந்து நாள்தான் இருக்கிறது. இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் லாத்தாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

போர்ட் செய்துக் கடிதம் கிடைத்தது. காப்பிக்கடை உபசாரத்தைப் பற்றி உன் லாத்தா தெருவில் இரண்டு வீடுகளுக்குச் சொல்லிவிட்டாள். "என் தம்பி எங்க போனாலும் ஒரு நாற்காலி போடுவாங்க" என்கிறாள். நான் எங்கே போனாலும் நின்றுகொண்டிருப்பதை அவள் குத்திக்காட்டவில்லைதான். எனக்கு அப்படிக் கேட்டது.

இந்நேரம் மலைக்கோட்டையைப் பார்த்திருப்பாய். முதல் நாளே ஏறினாயா? மேற்கு வாசலில் தொடங்கினாயா? அந்தப் பளிங்கு மாலையில் தேன் நிறமாகும் என்று புத்தகம் சொல்கிறது. உண்மையா? தூண்கள்? இவற்றுக்கெல்லாம் வரிசையாகப் பதில் எழுது. நீ எழுதாவிட்டால் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

உன் சுகத்துக்கும் இரண்டு வரி எழுது. எழுதத் தவறாதே. தந்தி அடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். என்ன வாசகம் அடிப்பது என்று தெரியாமல் தந்தி ஆபீசு வாசலிலிருந்து திரும்பிவிட்டேன்.

அப்துல் பாரி

•

ஏதென்ஸ்,
8 ஏப்ரல் 1923
(ரங்கூனில் மே மாதம் கிடைத்தது)

மச்சான் அவர்களுக்கு சலாம்.

எழுத்துக் கோணலாக இருப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பில் முறிவு. கட்டுப் போட்டிருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை.

துறைமுகத்திலிருந்து குதிரை வண்டி வேண்டாம். மின்சார ரயில் ஓடுகிறது. நம் ரங்கூன் டிராமைவிட வேகம். மலைக்கோட்டைக்கு இன்னும் ஏறவில்லை. ஊரெங்கும் அகதிகள். பள்ளிக்கூடம், கோவில், கிடங்கு எங்கும் பாய்தான். நம் அரிசி கஞ்சிக்கு ஏற்றது என்று நிவாரணக் குழுவில் ஒப்புக்கொண்டார்கள். முதலாளியிடம் சொல்லுங்கள்.

கை வலிக்கிறது.

இனாயத்துல்லா

•

ரங்கூன்,
9 மே 1923

அன்புள்ள தம்பிக்கு, சலாம். நோன்பு இருபத்து மூன்றாகிறது. எனக்கு இரைப்பினால் இரண்டு விட்டுப்போயிற்று.

உன் கடிதத்தின் மேலுறையில் விலாசம் கோணியிருந்ததைக் கண்டதும் வாசலில் நின்றபடியே உறையைக் கிழித்தேன். உள்ளே படியில் விழுந்தேன் என்று படித்தபிறகுதான் மூச்சு வந்தது. படியில் விழுவது யாருக்கும் நடக்கும். பளிங்குப் படிகள் வழுக்கும் என்று புத்தகத்தின் ஐம்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. அதை உனக்குக் குறிப்பில் சேர்க்காதது என் தவறு. அந்தத் தவறை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். மலைக்கோட்டைக்கு ஏறாமல் எந்தப் படியில் விழுந்தாய்? ஏதென்ஸில் இரண்டு வாரமாக இருந்துகொண்டு ஏறவில்லை என்று ஒருவன் எழுதமுடியுமா? நான் முப்பது வருஷமாகப் புத்தகத்தில் அந்தக் கோட்டையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு அது ரயில் ஜன்னலில் தெரிகிறது. நீ கஞ்சிக்கு அரிசி காட்டிக்கொண்டிருக்கிறாய். கொடுத்துவைத்தவர்களுக்கு அதன் அருமை தெரிவதில்லை. கோபமாக எழுதிவிட்டேன். கை சீக்கிரம் கூடட்டும்.

அப்துல் பாரி

(இதே உறையில் வேறொரு துண்டுக் காகிதம்)

தம்பி, மச்சான் ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள எழுதுறேன். அவரு எழுதினத மனசுல வச்சுக்காத. மொதலாளி மொதல்ல கூப்பிட்டது உங்க மச்சானத்தான். மூணு தடவ ஆளனுப்பினாரு. இவரு கப்பல் ஒத்துக்காது, இரைப்பு, அப்படி இப்படின்னு சொல்லி மாட்டேன்னுட்டாரு. பயம், வேற ஒண்ணுமில்ல. நீ போறேன்னு தெரிஞ்சதுலேருந்து வீட்டுல மனுசன் மொகத்துல சிரிப்பு இல்ல. அந்தக் கிழிஞ்ச கிதாப மடியில விரிச்சு வச்சுப் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ அந்தத் தூண எண்ணி எழுதித் தொலைச்சிடு, எனக்கு இவரு தொல்ல தாங்கல.

இன்னொண்ணு. தென்னமரம் ஏறினவன் நீ, படியிலயா விழுவே? லாத்தாகிட்டப் பொய் சொல்லாத. என்ன நடந்துச்சு?
நூருன்னிசா

•

ஏதென்ஸ்,
14 ஜூன் 1923

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கும் லாத்தாவுக்கும் சலாம். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. வலது கையாலேயே எழுதுகிறேன். கடைசி இரண்டு விரல் மட்டும் இன்னும் மடங்கவில்லை.

லாத்தா கேட்டதால் நடந்ததைச் சொல்கிறேன். நான் படியில் விழவில்லை. வந்த ஐந்தாம் நாள் மாதிரிப் பைகளோடு கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பெண்பிள்ளை என் தலையைப் பார்த்து அலறினாள். என்ன ஏது என்று திரும்புவதற்குள் கூட்டம். ஒருவன் தொப்பியைத் தட்டினான், ஒருவன் கையை முறுக்கினான். அரிசியெல்லாம் தெருவில் சிதறியது. என்னைத் துருக்கியன் என்று நினைத்துவிட்டார்கள். துருக்கிப் படை வந்து ஸ்மிர்னா நகரம் எரிந்தபோது அந்தப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளும் கரைக்கு வந்து சேரவில்லையாம். பிறகு ஏஜெண்டு சொல்லித் தெரிந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கிழவர் கூட்டத்தை விலக்கி என்னை ஒரு கடைக்குள் தள்ளிக் கதவை அடைத்தார். பெயர் யோர்தான். அவரும் அகதி, கிறிஸ்தவர். ஆனால் அவர் ஊரில் துருக்கிப் பேச்சுத்தான் பேசுவார்களாம். அதனால் இங்கே அவரையும், "நீயும் துருக்கி விதைதான்" என்று ஏசுகிறார்கள். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆனால் உலகத்தை அவர் துனியா என்றால் நமக்கும் துனியா. கிதாபு, சலாம், நன்றி சொல்ல ஷுக்ரு எல்லாம் அவரிடமும் இருக்கின்றன. இருபது வார்த்தையையும் கைச் சைகையையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

அவர் குடும்பம் ஒரு பெரிய நாடகக் கொட்டகையில் இருக்கிறது. பணக்காரர்கள் உட்கார்ந்து நாடகம் பார்க்கிற மாடத்தில், ஒரு மாடத்துக்கு ஒரு குடும்பம். முன்னால் போர்வை தொங்குகிறது. உள்ளே அடுப்பு, தொட்டில், துணிக்கொடி எல்லாம் உண்டு. அங்கேதான் அவர் மனைவி என் கைக்கு வெங்காயம் வாட்டிக் கட்டினாள். பெருநாள் அன்று நம் ரங்கூன் அரிசியை அந்த அம்மாள் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். பக்கத்து மாடத்திலிருந்து எட்டிப் பார்த்த கிழவி ஏதோ கேட்டாள். யோர்தான், "என் தம்பி" என்பதுபோல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "தம்பி ஏன் இவ்வளவு கறுப்பு?" என்று அவள் சைகை செய்ய, கொட்டகையே சிரித்தது.

தொப்பியைச் சொல்லவேண்டும். மிதிபட்டுக் கிடந்ததை அவர்தான் எடுத்துவந்தார். தூசி தட்டி முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அவரும் தம் ஊரில் ஐம்பது வருஷம் அதே தொப்பிதான் அணிந்திருக்கிறார். இங்கே கப்பல் வந்து சேரும்போது மகன் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டானாம். நான் என் தொப்பியை அவருக்கே கொடுத்துவிட்டேன். தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். வெளியே அணியமுடியாது.

பிறகு அவரோடுதான் மலைக்கோட்டை ஏறினேன். நீங்கள் சொன்ன மேற்கு வாசல் வழியாகவே போனோம். தூண்கள் நாற்பத்தாறு. நான் எண்ணினேன், அவரும் தனியாக எண்ணினார். மாலையில் தேன் நிறம் என்பது சரி.

மச்சான், முதலாளி உங்களைத்தான் முதலில் கூப்பிட்டார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அங்கே நின்றபோது என் நெஞ்சு உறுத்தியது. இது நீங்கள் நின்றிருக்க வேண்டிய இடம். தொப்பி விஷயத்தை நினைத்து வருந்தவேண்டாம். உங்கள் புத்தகம் பழையது. விவரம் தெரிந்திருந்தால் மச்சான் எழுதியிருக்கவே மாட்டார் என்று யோர்தானிடமும் சொல்லிவிட்டேன். அவர் உங்களுக்கு சலாம் சொல்கிறார்.

தங்கள்,
இனாயத்துல்லா

•

ரங்கூன்,
20 ஜூலை 1923

அன்புள்ள தம்பி இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் நான்கு நாளில் வருகிறது. மழை விடாமல் பெய்கிறது. உன் லாத்தா நலம். மடங்காத அந்த இரண்டு விரலுக்கு எண்ணெய் தடவச் சொல்கிறாள். என் சுகத்தைப் பற்றி எழுத எனக்கு இன்று மனமில்லை.

எதை எழுதினாலும் முதலில் ஒரு வரைவு எழுதி, பிறகு சுத்தப் பிரதி எடுப்பது என் வழக்கம். முதலாளியின் கடிதங்களை முப்பது வருஷம் அப்படித்தான் எழுதினேன். வரைவைக் கிழித்ததில்லை. உனக்கு எழுதிய ஏழு குறிப்புகளுக்கும் வரைவு இருக்கிறது. பிப்ரவரி இரண்டாம் தேதி எழுதியது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் தேதி காலை அதை எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன். பிரயாணத்துக்கு உபயோகமாக இருக்கும், ஒரு பார்வை பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவர் காகிதத்தைத் தொடவில்லை. "நீங்க மாட்டேன்னது ஒரு வகையில நல்லதாப் போச்சு பாரி. நீங்க போனா ஊரப் பாத்துட்டு வருவீங்க. அவன் போனா ஆளப் புடிச்சிட்டு வருவான். அவனப் பிடிக்காதவன் எந்த ஊர்ல இருக்கான்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். மூன்று குறிப்புகளை மாற்றாமல் எழுதினேன். நான்காவதில் பேனா நின்றது. ஒரு நாளாவது, ஓர் ஊரிலாவது, உன்னை யாருக்கும் பிடிக்காமல் போகட்டும் என்று தோன்றியது. யாரும் அடிப்பார்கள் என்று நினைக்கவில்லை. அப்படி நினைக்கவில்லை என்பது உண்மைதானா என்று இப்போது என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. துரை சொன்னதற்குக் காரணம் உண்டா என்று நீ கேட்டாய். பதில் எழுதவில்லை. துறையில் சங்கு ஊதியது என்று எழுதினேன். ஊதுவதற்கு முன்னால் அரை மணி உன் பக்கத்தில்தான் நின்றேன்.

இன்னும் ஒன்று. உன் கடிதத்தில் கூட்டம் சூழ்ந்ததைப் படித்தபோது உடம்பெல்லாம் கூசியது. அது கூசி முடிவதற்குள் அந்தக் கிழவர் தொப்பியை முழங்காலில் வைத்துத் தடவிய இடம் வந்தது. நாடகக் கொட்டகை மாடத்தில் உனக்குப் பால்சோறு கிடைத்த இடம் வந்தது. அப்போது எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது, தம்பி. உனக்குக் கெடுதல் நினைத்து எழுதிய வரியிலிருந்துகூட உனக்கு ஒரு அண்ணன் கிடைத்திருக்கிறார். முப்பது வருஷம் படித்த புத்தகத்திலிருந்து எனக்கு ஒரு தூண் கணக்குத்தான் கிடைத்தது. இதை மறைத்துவிட்டால் மற்றதை ஒப்புக்கொண்டு பயனில்லை.

இதுவரை எழுதியதை உன் லாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு, "அவன் கையோட போச்சு. கண்ணோட போயிருந்தா எனக்கு யாரு பதில் சொல்லுவா?" என்றாள். நான் எழுந்து நின்றேன். "நிக்காதீங்க. போயி தபால்ல போட்டுட்டு வந்து சோறு கேளுங்க" என்றாள். ஆகவே கடிதத்தை முடிக்கவேண்டும்.

வரைவில் நான்காவது குறிப்பைப் பார். "ஹாட் அணிக. துருக்கித் தொப்பி கூடவே கூடாது. ஸ்மிர்னாவிலிருந்து வந்தவர்கள் அந்த ஊரில் நிறைந்திருப்பதாகப் பத்திரிகைச் செய்தி" என்று என் கையெழுத்தில் இருக்கும். அடியில் இரண்டு கோடு போட்டிருப்பேன்.

யோர்தானிடம் என்னைப் பற்றி நீ சொன்னதைத் திருத்திச் சொல்லிவிடு. உங்கள் இருபது வார்த்தைகளில் அதற்கு வார்த்தை இருக்குமோ, தெரியாது.

என் இரண்டாவது குறிப்பு பிசகியது புத்தகம் பழையதானதால். நான்காவது குறிப்பு தவறு; அது தவறு என்று தெரிந்தே எழுதினேன்.

அப்துல் பாரி